'ஆமாங்கய்யா' எனக் கிண்டலடித்தவர் எம்.பி. ஆனால் என்ன ஆகும்? தான்சானியா ராப்பர் ப்ரொஃபசர் ஜேயின் கதை

ஓர் அரசியல்வாதி மேடையில் நின்று வாக்குறுதிகளை அள்ளி வீசுகிறார். மருத்துவமனை வரும், பள்ளிக்கூடம் மாறும் என்கிறார். அதோடு விட்டாரா? அறிவியல் மாணவர்களை பிராக்டிகல் வகுப்புக்கு நிலாவுக்கே அனுப்புவேன் என்கிறார். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு வாக்குறுதிக்கும் ஒரே பதில்தான்: 'ஆமாங்கய்யா!'

இது 2001-ல் தான்சானியாவில் வெளியான ஒரு ராப் பாட்டில் வரும் காட்சி. பாட்டின் பெயர் 'என்டியோ ம்சே'. ஸ்வாஹிலியில் 'ம்சே' என்றால் பெரியவர். நம்ம ஊர் 'ஆமாங்கய்யா'வுக்கு அச்சு அசலான சொல்.

இதைப் பாடியவர் ப்ரொஃபசர் ஜே. 14 வருஷம் கழித்து அவரே தேர்தலில் நின்று, ஜெயித்து, நாடாளுமன்றத்துக்குப் போனார். மேடை வாக்குறுதிகளைக் கிண்டலடித்தவர் மேடை ஏறினால் என்ன நடக்கும்?

யாரு இந்த ப்ரொஃபசர் ஜே?

இயற்பெயர் ஜோசப் ஹௌலே. 1975-ல் பிறந்தவர். 1990-களில் தார் எஸ் சலாம் நகரில் 'ஹார்ட் பிளாஸ்டர்ஸ்' என்ற ராப் குழுவில் பாடிக்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு அமெரிக்க ராப்பர்களைப் பார்த்து வைத்துக்கொண்ட வேறொரு மேடைப் பெயர் இருந்தது. 2000-ல் அந்தக் குழுவின் 'ஃபுங்கா காசி' ஆல்பம் வந்தது. அதில் இருந்த 'செம்ஷா போங்கோ' பாட்டு அவரை நாடு முழுக்கக் கொண்டுபோனது. 'மூளையைக் கொதிக்கவிடு', அதாவது 'நல்லா யோசி' என்பதுதான் அந்தத் தலைப்பின் அர்த்தம்.

அடுத்த வருஷமே தனி ஆல்பம். பெயர் 'மச்சோசி ஜாஷோ நா டாமு'. கண்ணீர், வியர்வை, ரத்தம் என்று பொருள். பழைய மேடைப் பெயரைக் கைவிட்டு 'ப்ரொஃபசர்' ஆனதும் இந்தக் காலகட்டத்தில்தான். ராப்பர் என்றால் பாடம் எடுக்கிறவர் என்ற அவரது பார்வை அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

ஸ்வாஹிலியில் ராப் பாடுவது ஏன் பெரிய விஷயம்?

தான்சானியாவில் 120-க்கும் மேற்பட்ட இன மொழிகள் உண்டு. எல்லோரையும் இணைக்கும் மொழி ஸ்வாஹிலி. 1961 சுதந்திரத்துக்குப் பிறகு, முதல் தலைவர் ஜூலியஸ் நியரேரே அதைத்தான் தேசிய மொழியாக வளர்த்தார். அரசுத் தொடக்கப் பள்ளியில் பாடம் ஸ்வாஹிலியில். உயர்நிலைப் பள்ளிக்குப் போனால் ஆங்கிலத்தில். அதனால் ஆங்கிலத்தில் ராப் பாடினால் மேல்படிப்பு படித்தவர்களுக்கு மட்டும்தான் புரியும். ஸ்வாஹிலியில் பாடினால் மார்க்கெட்டில் காய் விற்கும் அம்மாவுக்கும் புரியும்.

ஆரம்பத்தில் அங்கும் ராப் என்றால் ஆங்கிலம்தான். 1990-களின் தொடக்கத்தில் சாலே ஜே என்பவர் அமெரிக்க ராப் பாட்டுகளுக்கு ஸ்வாஹிலி வரிகள் எழுதிப் பிரபலமானார். 1993-ல் வந்த சட்டம் தனியார் வானொலிக்குக் கதவைத் திறந்தது. அதுவரை அரசு வானொலி மட்டும்தான். புதிய எஃப்.எம். நிலையங்களுக்குப் புதுப் பாட்டு தேவைப்பட்டது, பையன்களுக்கு மேடை தேவைப்பட்டது. 'போங்கோ ஃபிளாவா' என்ற உள்ளூர் இசை அலை இப்படித்தான் கிளம்பியது. 'போங்கோ' என்பது தார் எஸ் சலாமுக்குச் செல்லப் பெயர். மூளை இருந்தால்தான் அந்த ஊரில் பிழைக்க முடியும் என்ற கிண்டல் அதில் இருக்கிறது.

ஆனால் பெரியவர்களுக்கு இது பிடிக்கவில்லை. ராப் பாடுகிற பையன்களை 'வஹூனி' என்றார்கள். நம்ம பாஷையில் 'பொறுக்கிப் பசங்க'. அந்த எண்ணத்தை மாற்றியவர்களில் முக்கியமானவர் ப்ரொஃபசர் ஜே. பீட்டை விடக் கதைக்கு முக்கியத்துவம், தெளிவான உச்சரிப்பு, கொச்சை இல்லாத நையாண்டி: இதனால் அவர் பாட்டை அப்பா அம்மாவும் உட்கார்ந்து கேட்டார்கள்.

'ஆமாங்கய்யா' பாட்டு யாரைக் குத்தியது?

மேலோட்டமாகப் பார்த்தால் அரசியல்வாதியை. கொஞ்சம் கவனித்தால் கூட்டத்தையும்தான். தான்சானியாவில் 1992 வரை ஒரே கட்சி ஆட்சி. அதன் பிறகு பல கட்சி முறை வந்தாலும், ஆளும் சி.சி.எம். கட்சி ஒருமுறைகூட ஆட்சியை இழக்கவில்லை. பெரியவர் பேசினால் தலையாட்டுவது மரியாதை என்று பழகிய சமூகம் அது. 'நீங்க ஏன் திருப்பிக் கேள்வி கேட்கல?' என்று அந்தப் பாட்டு கேட்டது. யாரையும் பெயர் சொல்லித் திட்டாமல், சிரிக்க வைத்தே கேட்டது.

அப்புறம் எப்படி எம்.பி. ஆனார்?

பாதை போட்டவர் இன்னொரு ராப்பர். 1990-களிலேயே ஸ்வாஹிலி ராப்பில் கொடிகட்டிப் பறந்த 'சுகு' என்கிற ஜோசப் ம்பிலின்யி, 2010-ல் எதிர்க்கட்சியான சடேமா சார்பில் ம்பேயா நகரத் தொகுதியில் வென்றார். 2015-ல் அதே கட்சி சார்பில் மொரோகோரோ பகுதியிலுள்ள மிகுமி தொகுதியில் ப்ரொஃபசர் ஜே நின்றார், வென்றார்.

ஆனால் நேரம் சரியில்லை. அதே தேர்தலில் ஜான் மகுஃபுலி அதிபரானார். 2016 தொடக்கத்தில், நாடாளுமன்றக் கூட்டங்களின் நேரடி ஒளிபரப்பை அரசு நிறுத்தியது. செலவு அதிகம் என்பது அரசு சொன்ன காரணம். எதிர்க்கட்சிகள் கடுமையாக எதிர்த்தும் பலனில்லை. நாடே கேட்ட குரலுக்குச் சொந்தக்காரர் சபைக்குள் போன கொஞ்ச நாளிலேயே சபையின் மைக் வெளியுலகுக்கு அணைக்கப்பட்டுவிட்டது!

இன்னொரு சிக்கலும் உண்டு. ரோடு போடுவதும் குழாய் இழுப்பதும் அமைச்சகங்களின் கையில். எதிர்க்கட்சி எம்.பி. கேள்வி கேட்கலாம், சண்டை போடலாம். கையெழுத்துப் போடும் அதிகாரம் அவரிடம் இல்லை. பாட்டில் வரும் அரசியல்வாதிக்கு வாக்குறுதி கொடுப்பது எவ்வளவு சுலபமோ, நிஜ எம்.பி.க்கு அதை நிறைவேற்றுவது அவ்வளவு கஷ்டம்.

மற்ற ராப்பர்களுக்கு என்ன நடந்தது?

2017 மார்ச்சில், அரசைச் சாடும் பாட்டு பாடியதற்காக நே வா மிடேகோ கைதானார். ஆனால் அதிபரே தலையிட்டு அவரை விடுவிக்கச் சொன்னார். பாட்டு பிடித்திருக்கிறது, இன்னும் சில சமூகக் கேடுகளையும் அதில் சேர்க்கலாம் என்று அதிபர் யோசனை சொன்னதாக அமைச்சர் அறிவித்தார். அடுத்த மாதமே, ரோமா என்ற ராப்பரை ஸ்டூடியோவிலிருந்து அடையாளம் தெரியாத ஆட்கள் தூக்கிச் சென்றார்கள். சில நாள் கழித்துக் காயங்களோடு திரும்பினார். 2018 பிப்ரவரியில், அதிபரை அவமதித்ததாகச் சொல்லி சுகுவுக்கு 5 மாதச் சிறை. எம்.பி.யாக இருக்கும்போதே! மே மாதம் பொது மன்னிப்பில் வெளியே வந்தார்.

ஒருவருக்கு விடுதலை, ஒருவருக்கு அடி, ஒருவருக்கு ஜெயில். எது எல்லை என்று யாருக்கும் தெரியாது என்பதே பெரிய பயம். அந்தச் சூழலில் 2020 தேர்தல் வந்தது. ப்ரொஃபசர் ஜேயும் சுகுவும் தோற்றார்கள். எதிர்க்கட்சிகள் ஒரு சில இடங்களுக்குச் சுருங்கின. முறைகேடு என்று அவை குற்றம்சாட்டின. அரசு மறுத்தது.

'462 நாள்'

2022 தொடக்கத்தில் ப்ரொஃபசர் ஜே கடுமையாக நோய்வாய்ப்பட்டார். சிறுநீரகப் பாதிப்பு. தார் எஸ் சலாமின் முஹிம்பிலி தேசிய மருத்துவமனையில் மாதக்கணக்கில் கிடந்தார். ரசிகர்கள் பணம் திரட்டினார்கள். அதற்குள் அதிபராகியிருந்த சாமியா சுலுஹு ஹசனின் அரசு சிகிச்சைச் செலவை ஏற்பதாக அறிவித்தது. எம்.பி.யாக அவர் எதிர்த்த கட்சியின் அரசு அது.

பிழைத்து வந்தவர் 2023-ல் 'சிகு 462' என்ற பாட்டை வெளியிட்டார். '462 நாள்' என்று அர்த்தம். கூடவே சிறுநீரக நோயாளிகளுக்கு உதவ ஓர் அறக்கட்டளையும் தொடங்கினார். டயாலிசிஸ் என்பது வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, வருஷக்கணக்கில் தொடர வேண்டிய சிகிச்சை. பிரபலம் என்பதால் தனக்குக் கிடைத்த உதவி, பெயர் தெரியாத நோயாளிக்குக் கிடைக்காது என்பது அவருக்குத் தெரியும். மருத்துவமனை வாக்குறுதியைக் கிண்டலடித்த பாட்டுக்காரருக்கு அதன் அர்த்தம் படுக்கையில் கிடந்தபோது வேறு மாதிரி புரிந்திருக்கும்.

சரி, அவர் ஜெயித்தாரா, தோத்தாரா?

எம்.பி.யாக ஒரே ஒரு பதவிக்காலம். ஆட்சி மாறவில்லை. நிலைமை சீராகிவிட்டது என்றும் சொல்ல முடியாது: 2025 அக்டோபர் தேர்தலில் சடேமா போட்டியிடவே அனுமதிக்கப்படவில்லை. அந்தக் கணக்கில் பார்த்தால் தோல்விதான்.

ஆனால் ராப் பாடுகிறவன் பொறுக்கி இல்லை, வாக்காளர் தேர்ந்தெடுக்கக்கூடிய ஆள் என்று காட்டியது அவரும் சுகுவும்தான். எந்த அரசியல்வாதி நிலாவைக் காட்டினாலும், கேட்பவர் மனசுக்குள் அந்த 'ஆமாங்கய்யா' ஓடும். அவர் நின்ற மேடைக்கும் அதே அளவுகோல்தான்.

கேட்டுப் பார்க்க நினைத்தால் 'செம்ஷா போங்கோ', 'என்டியோ ம்சே', 'சிகு 462' என்ற வரிசையில் கேளுங்கள். ஸ்வாஹிலி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இரண்டாவது பாட்டில் கூட்டம் எந்த இடத்தில் பதில் சொல்கிறது என்பது மொழி தெரியாமலே பிடிபட்டுவிடும்.