தாத்தாவின் இரயில் டிக்கெட்டுக்கு விலை வைத்தது யார்?

நாகப்பட்டினத்தில் கப்பலேறி பினாங்கில் இறங்கிய கதை நம்மில் பலருடைய குடும்பத்தில் உண்டு. கப்பலில் பட்ட பாடு, தீவில் அடைத்து வைத்த நாட்கள், தோட்டத்து லயத்தில் முதல் இரவு என்று பாட்டிமார் நிறையச் சொல்லியிருக்கிறார்கள். கப்பலுக்கு முன்னால் ஓர் இரயில் பயணமும் இருந்தது. திருச்சி, தஞ்சாவூர் வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து துறைமுகத்துக்கு வந்தவர்களில் பலர் தென்னிந்திய இரயில்வேயின் மூன்றாம் வகுப்புப் பெட்டியில்தான் வந்தார்கள்.

அந்த டிக்கெட்டுக்கு விலை எப்படி வைத்தார்கள்? ஓர் ஆளை ஒரு மைல் கொண்டுபோக ஆகும் செலவைப் பார்த்து, அதன்மேல் கொஞ்சம் லாபம் சேர்த்திருப்பார்கள் என்று நினைக்கத் தோன்றும். பிரிட்டிஷ் ஆட்சிக்கால இந்தியாவில் நடந்தது வேறு. யாரிடமிருந்து எவ்வளவு வாங்க முடியும், யாருக்கு வேறு வழி இல்லை என்ற கேள்விகள்தான் கட்டணத்தைத் தீர்மானித்தன. பயணிக்கும் சரி, மூட்டைக்கும் சரி, கணக்கு ஒன்றுதான்.

முதலில் காசுக் கணக்கைப் பார்த்துவிடுவோம். அன்று ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஓர் அணாவுக்கு 12 பை. இந்தப் பையைத்தான் நம் ஊர்களில் தம்பிடி என்றார்கள். ஆக ஒரு ரூபாய் 192 தம்பிடி. இரயில் கட்டணம் மைலுக்கு இத்தனை தம்பிடி என்று வைக்கப்பட்டது. மூன்றாம் வகுப்புக்கு மைலுக்கு 3 தம்பிடிக்கு மேல் போகக்கூடாது, ஒன்றரைத் தம்பிடிக்குக் கீழே இறங்கக்கூடாது என்று 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்திய அரசு எல்லை வகுத்திருந்தது. அந்த எல்லைக்குள் எந்த விலை என்பதை இரயில் கம்பெனி தன் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம்.

திருச்சியிலிருந்து தஞ்சாவூர், திருவாரூர் வழியாக நாகப்பட்டினம் சுமார் 80 மைல். மைலுக்கு ஒன்றரைத் தம்பிடி என்றால் 120 தம்பிடி, அதாவது 10 அணா. மூன்று தம்பிடி என்றால் 1 ரூபாய் 4 அணா. சட்டப்படி இரண்டுமே சரியான விலை! ஒரு நாள் வயல் கூலி சில அணாக்களாக இருந்த காலத்தில் இந்த 10 அணா வித்தியாசம் சில நாள் உழைப்புக்குச் சமம்.

மேல் எல்லை வைத்ததன் காரணம் எளிதாகப் புரிகிறது. கம்பெனி பொதுமக்களைச் சுரண்டாமல் தடுக்க அது தேவை. ஆனால் கீழ் எல்லை எதற்கு? மலிவாக ஏற்றிப்போக ஒரு கம்பெனி முன்வந்தால் அரசுக்கு என்ன நட்டம்?

நட்டம் உண்டு. அதைப் புரிந்துகொள்ள, இந்த இரயில் பாதைகளுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் முதல் திரட்டி இந்தியாவில் பாதை போட வந்த கம்பெனிகளுக்கு 1849 முதல் ஓர் உறுதி தரப்பட்டது. போட்ட முதலுக்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு வருமானம் நிச்சயம். பாதை அவ்வளவு சம்பாதிக்காவிட்டால் குறையும் தொகையை இந்திய அரசின் வருவாயிலிருந்து கொடுப்பார்கள். 1861-62-இல் நாகப்பட்டினத்துக்கும் திருச்சிக்கும் இடையே பாதையைத் திறந்த கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா கம்பெனியும் இந்த உறுதியோடு வந்ததுதான். 1874-இல் அது இன்னொரு கம்பெனியோடு இணைந்து தென்னிந்திய இரயில்வே ஆனது.

இப்போது கீழ் எல்லைக்கு வருவோம். இரண்டு கம்பெனிகள் ஒரே சரக்குக்காகப் போட்டி போட்டு விலையைக் குறைத்துக்கொண்டே போனால் இரண்டின் வருமானமும் விழும். பங்குதாரருக்கு அதனால் கவலை இல்லை, அவருடைய 5 விழுக்காடு பத்திரம். பள்ளத்தை நிரப்பப் போவது அரசின் கஜானா. அந்தக் கஜானாவில் இருந்தது யார் பணம் என்று சொல்லத் தேவையில்லை. நிலவரி கட்டிய உழவரும் உப்பு வரி கட்டிய கூலியாளும் இரயிலில் ஏறாமலேயே அதற்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மூட்டைகளின் சாதி

சரக்குக் கட்டணம் இன்னும் சுவாரஸ்யமானது. ஒரு வண்டியில் நெல் மூட்டை, இன்னொன்றில் பட்டுச் சிப்பம். இரண்டையும் இழுப்பது ஒரே எஞ்சின், எரிவது ஒரே நிலக்கரி. ஆனால் கட்டணம் ஒன்றல்ல.

சரக்குகளை ஒன்று முதல் ஐந்து வரை வகுப்புகளாகப் பிரித்தார்கள். பயணிகளில் முதல் வகுப்பு உயர்ந்தது. சரக்கிலோ முதல் வகுப்புதான் மலிவானது. ஒரு மணங்கு எடையை ஒரு மைல் கொண்டுபோக முதல் வகுப்புக்கு உச்ச வரம்பு மூன்றில் ஒரு தம்பிடி. இரண்டாம் வகுப்புக்கு அரை, மூன்றாவதற்கு மூன்றில் இரண்டு, நான்காவதற்கு ஆறில் ஐந்து, ஐந்தாம் வகுப்புக்கு ஒரு முழுத் தம்பிடி. தானியம் போன்றவை கீழ்ப்படியில் இருந்தன, பட்டு போன்ற விலையுயர்ந்தவை மேல்படியில். நூறு மைலுக்குக் கணக்குப் போட்டால், கீழ்ப்படியில் மணங்குக்கு அதிகபட்சம் ஏறக்குறைய 2 அணா 9 தம்பிடி, மேல்படியில் 8 அணா 4 தம்பிடி. மூன்று மடங்கு.

(இடையில் ஒரு சிறு விளக்கம். இரயில்வேயின் மணங்கு சுமார் 37 கிலோ. சென்னை வட்டாரத்துக் கடைத்தெரு மணங்கோ 11 கிலோவைத்தான் கொஞ்சம் தாண்டும். சொல் ஒன்று, எடை இரண்டு. பழைய கணக்கேடுகளைப் படிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.)

இதன் பின்னால் இருந்த தத்துவத்தைத் தமிழில் சொன்னால், சரக்கு எவ்வளவு தாங்குமோ அவ்வளவு வாங்கு என்பதுதான். நெல்லின் விலையே குறைவு. அதன்மேல் அதிகக் கட்டணம் ஏற்றினால் வியாபாரி அதை இரயிலுக்கே கொண்டுவர மாட்டார். பட்டின் விலையில் சில அணாக்கள் ஏறினால் வாங்குபவருக்குத் தெரியவே தெரியாது. இதில் ஒரு நியாயம் இருப்பதை மறுக்க முடியாது. எல்லாச் சரக்குக்கும் ஒரே கட்டணம் என்று வைத்திருந்தால் ஏழை உண்ணும் தானியம்தான் முதலில் அடிபட்டிருக்கும். 1876-78 பஞ்சத்தைக் கண்ட பிறகு தானியம் தடையின்றி நகர வேண்டும் என்ற கவலை அரசுக்கும் இருந்தது.

சிக்கல் என்னவென்றால், எது எவ்வளவு தாங்கும் என்று முடிவு செய்யும் இடத்தில் சரக்குக்கு உரியவர் இல்லை. விலை சொல்பவரே தராசையும் பிடித்திருந்தார்.

கம்பெனிகள் கையாண்ட இன்னொரு முறையைக் கேட்டால் இது விளங்கும். ஈரோட்டிலும் திருச்சியிலும் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். ஈரோடு மெட்ராஸ் இரயில்வேயின் அகலப் பாதையில் இருந்தது. திருச்சியிலிருந்து ஈரோடுவரை வந்தது தென்னிந்திய இரயில்வேயின் மீட்டர் பாதை. நடுவில் கரூர். கரூர் வியாபாரி ஒருவர் சரக்கை மேற்கே ஈரோட்டுக்கு அனுப்பி, அங்கே இறக்கி ஏற்றி, மற்றக் கம்பெனியின் வண்டியில் சென்னைக்குக் கொண்டுபோகலாம். அல்லது கிழக்கே திருச்சி வழியாக நாகப்பட்டினம்வரை ஒரே கம்பெனியில் அனுப்பலாம். இப்படிப்பட்ட இடங்களில் இரயில் கம்பெனிகள் என்ன செய்யும் என்றால், போட்டிக் கம்பெனியின் சந்திப்புவரை உள்ள குறுகிய தூரத்துக்குக் கட்டணத்தை உயர்த்திவிடும், தன் பாதையிலேயே போகும் நீண்ட தூரத்துக்குக் குறைத்துவிடும். சரக்கு தானாகத் தன் பக்கம் திரும்பும். அணை கட்டித் தண்ணீரைத் திருப்புவது போல. இந்தியா முழுவதும் வியாபாரிகள் பல்லாண்டுகள் முறையிட்ட விஷயம் இது. கரூரை நான் விளக்கத்துக்காகத்தான் எடுத்துக்கொண்டேன்.

இதைவிடப் பெரிய குற்றச்சாட்டு துறைமுகக் கட்டணம் பற்றியது. உள்நாட்டில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் பஞ்சை அனுப்புவதைவிட, துறைமுகத்துக்கு அனுப்புவது மைல் கணக்கில் மலிவாக இருந்தது. துறைமுகத்தில் இறங்கிய வெளிநாட்டுச் சரக்கை உள்ளே கொண்டுபோவதும் அப்படியே. மூலப்பொருள் வெளியே போகவும், செய்த பொருள் உள்ளே வரவும் கட்டணப் பட்டியலே வழி செய்தது. உள்ளூரில் ஆலை வைத்தவர் இரண்டு பக்கமும் அடி வாங்கினார். 1916 முதல் 1918 வரை இயங்கிய இந்தியத் தொழில் ஆணையமே இந்தக் குறையை எடுத்துச் சொல்லியிருக்கிறது.

பலகை 22 பேருக்கு, பயணம் 35 பேருக்கு

மீண்டும் மூன்றாம் வகுப்புக்கு வருவோம். இரயில் வந்த புதிதில், வருமானம் சரக்கிலிருந்துதான் வரும், இந்த ஏழை மக்கள் இரயிலேறப் போவதில்லை என்று எண்ணியவர்கள் பலர். மக்கள் கூட்டம் அதைப் பொய்யாக்கியது. கோயில், திருவிழா, கல்யாணம், கூலிவேலை என்று ஏறிக்கொண்டே இருந்தார்கள். தென்னிந்திய இரயில்வே பயணிகளை நம்பியே வாழ்ந்த பாதை. ஸ்ரீரங்கமும் கும்பகோணமும் மதுரையும் இராமேசுவரமும் அதன் வழித்தடத்தில் இருந்தன என்பதை நினைத்தால் காரணம் தெரியும்.

மலிவாக வைத்தால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் லாபம் வரும் என்பதைக் கம்பெனிகள் கற்றுக்கொண்டன. கூடவே இன்னொன்றையும் கற்றுக்கொண்டன. கட்டணத்தை ஏற்றாமலேயே வருமானத்தைக் கூட்டலாம், ஒரு பெட்டியில் இன்னும் பத்துப் பேரை ஏற்றினால் போதும்.

1917-இல் காந்தி மூன்றாம் வகுப்புப் பயணம் பற்றி எழுதிய கடிதம் ஒன்று புகழ்பெற்றது. பம்பாயிலிருந்து சென்னைக்கு 13 ரூபாய் 9 அணா கொடுத்து டிக்கெட் வாங்கியிருக்கிறார். பெட்டியில் 22 பேருக்கு என்று எழுதியிருந்தது. அதுவும் உட்கார மட்டும், படுக்க இடமில்லை. வழியின் பெரும்பகுதியில் அதில் 35 பேர் இருந்தார்கள் என்கிறார். கூடுதலாக ஏறிய ஒவ்வொருவரும் காசு கொடுத்தவர்தான், ஆனால் அவர்களுக்காக ஒரு பலகைகூடக் கூடவில்லை. முதல் வகுப்புக் கட்டணம் மூன்றாம் வகுப்பைப்போல ஐந்து மடங்குக்கு மேல். அப்படியானால் மூன்றாம் வகுப்பில் இருப்பவருக்கு அந்த வசதியில் ஐந்தில் ஒரு பங்காவது கிடைக்கிறதா என்பது அவருடைய கேள்வி. முதல் வகுப்பின் சொகுசுக்கு மூன்றாம் வகுப்புதான் பணம் கட்டுகிறது என்றும் அவர் சொன்னார். எண்ணிக்கையில் பயணிகளில் மிகப் பெரும்பாலோர் மூன்றாம் வகுப்பினர் என்பதால், அதை மறுப்பது எளிதாக இருக்கவில்லை.

நம் முன்னோரின் டிக்கெட் என்ன ஆயிற்று? சஞ்சிக்கூலி காலத்திலும், பிறகு கங்காணி முறையின் தொடக்க ஆண்டுகளிலும், வழிச்செலவு கடனாகத் தலையில் ஏறியது. ஊரில் கங்காணி கொடுத்த முன்பணம் தோட்டத்துச் சம்பளத்தில் கழிக்கப்பட்டது. மைலுக்கு இத்தனை தம்பிடி என்று யாரோ போட்ட கணக்கு, கடல் கடந்து பால்மரக் காட்டில் பிடித்தமாக வந்து நின்றது. 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்ட பிறகு நிலைமை மாறியது. தோட்ட முதலாளிகளிடம் தொழிலாளர் கணக்குப்படி பணம் வசூலித்து, அதிலிருந்து இரயில் கட்டணம், ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் சாப்பாடு, கப்பல் செலவு எல்லாம் கொடுத்தார்கள். டிக்கெட் வாங்கும் கவலை தொழிலாளிக்கு இல்லாமல் போனது. உட்கார இடம் கிடைத்ததா என்பது வேறு கதை.

ஆலோசனை மட்டும்

முதல் உலகப் போர் முடிந்ததும் இரயில்வே மீது குவிந்த புகார்களை விசாரிக்க 1920-இல் வில்லியம் அக்வொர்த் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அதில் நமக்குத் தெரிந்த ஒருவர் இருந்தார், வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. மலாயா இந்தியத் தொழிலாளர் நிலையை நேரில் பார்த்து 1937-இல் அறிக்கை தந்த அதே சாஸ்திரிதான். கட்டணத் தகராறுகளைத் தீர்க்க ஒரு தனி நடுவர் மன்றம் வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. 1926-இல் அரசு அமைத்ததோ கட்டண ஆலோசனைக் குழு. பெயரிலேயே இருக்கிறது, அது ஆலோசனை சொல்லலாம், கட்டளையிட முடியாது. கட்டளையிடும் அதிகாரத்தோடு ஒரு மன்றம் வர இந்தியா சுதந்திரம் அடைய வேண்டியிருந்தது.

அதற்குள் வேறொருவர் கட்டணத்தில் கை வைத்துவிட்டார். பேருந்துக்காரர். 1930-களில் குறுகிய தூரப் பயணிகளைப் பேருந்துகள் அள்ளிக்கொண்டு போக, இந்திய அரசு 1932-33-இல் சாலைப் போட்டியைப் பற்றித் தனி விசாரணையே நடத்த வேண்டி வந்தது. முறையீடுகளால் அசையாத இரயில் கட்டணம் போட்டியால் அசைந்தது.

மலாயாவில் இரயிலின் பிறப்பு வேறு மாதிரி. 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடிய முதல் வண்டியும், அடுத்த ஆண்டு கிள்ளான் பக்கம் ஓடியதும், மாநில அரசுகளின் சொந்தப் பாதைகள். பெரும்பாலும் ஈயத்தின் வரிப்பணத்தில் வளர்ந்தவை. 1891-இல் திறந்த சிரம்பான்–போர்ட்டிக்சன் பாதை மட்டும் ஒரு தனியார் கம்பெனியுடையது, அதையும் 1908-இல் அரசு இரயில்வே எடுத்துக்கொண்டது. ஆனால் 1930-களில் இங்கும் லாரியும் பேருந்தும் இரயிலின் வருமானத்தைக் கடித்தன. இங்கே பாதையும் அரசுடையது, சாலையும் அரசுடையது. கட்டணத்தைக் குறைத்ததோடு நிற்காமல், சாலை வாகனங்களுக்கான உரிமத்தையும் அரசு இறுக்கிப் பிடித்தது.