காய்ச்சல் தணிந்தபின் வரும் வயிற்று வலி

சென்ற மழைக்காலத்தில் திண்டிவனத்தை அடுத்த சங்கமொன்றின் கணக்குகளைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தோம். அப்பொழுது நெசவாளர் ஒருவர் அவசரக் கடன் வேண்டி வந்தார். அவர் மனைவிக்கு நான்கு நாட்கள் கடுங்காய்ச்சல். ஐந்தாம் நாள் அது தணிந்தது. ஆனால் வலப்புற விலாவின் கீழே பெருவலியும் ஓயாத வாந்தியும் கண்டன. ஸ்கேன் எடுத்ததில் பித்தப்பை வீங்கியிருந்தது. “கல்தான், அறுத்தே ஆகவேண்டும்” என்று அக்கம்பக்கத்தார் கூற, தறியை விற்கவும் அவர் துணிந்துவிட்டார். இரத்தச் சோதனையில் நோய் டெங்கு என்று தெரிந்தது. பித்தப்பையில் கல்லே இல்லை. அறுவையின்றியே அவ்வம்மையார் ஒரு வாரத்தில் குணமடைந்தார். இச்செய்தி அங்கத்தினர் யாவருக்கும் பயன்படும் எனக் கருதி ஈண்டு விளக்குகிறோம்.

பித்தப்பை என்பது ஈரலின் அடியில் உள்ள சிறு பை. ஈரலில் ஊறும் பித்தநீரைச் சேர்த்துவைத்து, கொழுப்புணவு செரிக்கும் பொருட்டுக் குடலுக்கு அனுப்புவது அதன் தொழில். பெரும்பாலும் கல் அடைத்துக்கொள்வதாலேயே அதில் அழற்சி உண்டாகிறது. டெங்குவில் நிகழ்வது வேறு. நெருக்கமாக நெய்த துணியில் இழை விலகினால் நீர் கசிவதுபோல, இந்நோயில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் இளகி, இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிகிறது. அந்நீர் பித்தப்பையின் சுவரிலும் ஊறுகிறது. இயல்பாக 3 மில்லிமீட்டருக்கு மேற்படாத சுவர் தடித்து, வலி தோன்றுகிறது. மஞ்சட்காமாலையை உண்டாக்கும் சில வைரஸ்களாலும் இவ்வாறு நேர்வதுண்டு.

பெரும்பாலோருக்கு, டெங்கு குணமாகும்போது இவ்வீக்கமும் தானே வடிந்துவிடும். அளவறிந்து நீர் ஏற்றுவதும் இடைவிடாத கண்காணிப்புமே சிகிச்சை. இரத்தத் தட்டணுக்கள் குறைந்திருக்கும் வேளையில் அறுவை செய்தால் இரத்தப்போக்கு அஞ்சத்தக்கது. பை அழுகினாலோ துளைபட்டாலோ மட்டுமே அறுவை தேவைப்படும். ஆயினும் கல்லால் வரும் அழற்சிக்கு அறுவை வேண்டியிருக்கலாம். எது எதுவென்று தீர்மானிக்க வேண்டியவர் மருத்துவரேயன்றி, அண்டை வீட்டாரோ நாமோ அல்லோம்.

காய்ச்சல் விட்டதும் நோய் விட்டது என எண்ணித் தறிக்கும் வயலுக்கும் திரும்புவது நம் வழக்கம். டெங்குவில் மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரை, காய்ச்சல் தணியும் அவ்வேளையே அபாயமானது. வயிற்று வலி, தொடர்ந்த வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கருநிற மலம், கைகால் சில்லிடுதல், மயக்கம், சிறுநீர் குறைதல் ஆகியவற்றுள் ஒன்று காணினும் தாமதியாது திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கோ, முண்டியம்பாக்கத்திலுள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ செல்லுதல் வேண்டும். ஆஸ்பிரின், இபுபுரோபென் முதலிய வலி மாத்திரைகள் இரத்தப்போக்கை மிகுவிக்கும்; அவற்றைத் தாமே வாங்கி உண்ணலாகாது. காய்ச்சலுக்கு மருத்துவர் கூறும் அளவில் பாரசிட்டமால் போதும்.

இந்நோய் நம் பக்கத்திற்குப் புதியதன்று. 1956ஆம் ஆண்டிலேயே வேலூரில் அறியப்பட்டது. 2017இல் தமிழகமெங்கும் பரவிப் பல உயிர்களைக் கொண்டது. இதனைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. குழித்தறியில் கால்களை இட்டுப் பகலெல்லாம் அமர்ந்திருப்போர் இதனை நினைவில் இருத்துக. அது முட்டையிடுவது தேங்கிய நல்ல நீரில். நூல் நனைக்கும் தொட்டி, சிமெண்டுத் தொட்டி, களத்துமேட்டு டிரம், பழைய டயர், கொட்டாங்கச்சி யாவும் அதற்கு இடமாகும். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்களே ஆகும். உலர்ந்த பாத்திரத்தின் சுவரில் ஒட்டிய முட்டையோ மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே வாரம் ஒருமுறை நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. உட்சுவரைத் தேய்த்துக் கழுவி, மூடி வைத்தல் வேண்டும்.

ஒரு வீட்டுத் தொட்டியில் பிறந்த கொசு அடுத்த வீட்டுக் குழந்தையையும் கடிக்கும். ஆதலின் இது தனியொருவர் பணியன்று. கூட்டுறவுக்கே உரிய பணி. ஒவ்வொரு சங்கமும் வாரத்தில் ஒரு நாளைக் குறித்து, தெருத்தோறும் ஒரே வேளையில் தொட்டிகளைக் கழுவுமாயின், அவசரக் கடன் கேட்டு வருவோர் தொகையும் குறையும் என்பது நம் துணிபு.