ஊர் ஒன்று, பெயர் நான்கு: நூலகப் பட்டியலை எப்படித் திருத்துவது?

பழவேற்காடு பற்றிப் படிக்க விரும்பும் ஒருவர் நூலகக் கணினியில் அந்தப் பெயரைத் தமிழில் தட்டினால், ஆங்கில நூல்கள் கண்ணில் படாமலே போகலாம். அவற்றின் பதிவில் இருப்பது ‘புலிக்காட்’. 1613-இல் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்களின் ஆவணங்களில் பெயர் இன்னும் வேறு. 1863-இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்த அத்திரம்பாக்கத்தையும் ஆங்கிலத்தில் பலர் பலவிதமாக எழுதியிருக்கிறார்கள். திருத்தணியின் கதை இன்னும் சிக்கல்: 1960 ஏப்ரல் வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டம், பிறகு செங்கல்பட்டு, 1997 முதல் திருவள்ளூர். நூல் அலமாரியில் இருந்தும் வாசகர் வெறுங்கையோடு திரும்புகிறார் என்றால் பிழை பட்டியலில் இருக்கிறது.

கண்ணுக்கே தெரியாத பிழைகளும் உண்டு. பொன்னேரியின் ‘பொ’வை யுனிகோடில் இரண்டு விதமாகப் பதியலாம்: ஒகரக் குறியை ஒரே குறியீடாக இடலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் இடலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இவற்றைச் சமன்செய்யாத மென்பொருளுக்கோ இரண்டும் வெவ்வேறு சொற்கள். துணைக்கால் வரவேண்டிய இடத்தில் ‘ர’வைத் தட்டுவதும், ‘திருவள்ளூர்’ குறிலாகி ‘திருவள்ளுர்’ ஆவதும் அன்றாடம் நடப்பவை. ஆயிரக்கணக்கான பதிவுகளில் இவற்றை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த எந்த நூலகத்திலும் ஆள் போதாது. அதற்காகத்தான் கோஹா, மார்க்எடிட், ஓபன்ரிஃபைன் போன்ற இலவச மென்பொருள்களில் மொத்தத் திருத்த வசதி இருக்கிறது.

ஆனால் மொத்தத் திருத்தம் என்றால் பழையதை அழித்துப் புதியதை எழுதுவது என்று கொண்டால் கெடுதல்தான் மிஞ்சும். செங்கல்பட்டு மாவட்டம் என்று 1965-இல் அச்சான தலைப்பைத் திருவள்ளூர் என மாற்றுவது வரலாற்றைப் பொய்யாக்குவது. நூலகப் பட்டியல்களுக்கான ‘மார்க்’ வடிவப் பதிவில் 245-ஆம் புலத்திலுள்ள நூல்தலைப்பு அச்சிட்டபடியே இருக்க வேண்டும். நாம் கைவைக்கக் கூடியது 651-ஆம் புலம். நூல் எந்த ஊரைப் பற்றியது என்று சொல்வது அதுதான். அங்கேயும் ஒரு பெயரை முதன்மையாக வைத்து, மற்றப் பெயர்களையெல்லாம் அதை நோக்கி வழிகாட்டும் தனிக் கோப்பில் சேர்க்க வேண்டும். அரசு ஆணையே நிலைக்காத காலம் இது: 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றிய தமிழக அரசின் ஆணை 2020-இல் வெளிவந்து, அதே ஆண்டில் திரும்பப் பெறப்பட்டது. அதை நம்பிப் பழைய எழுத்துக்கூட்டலை அழித்திருந்தால் மறுபடியும் எல்லாவற்றையும் திருத்த நேர்ந்திருக்கும்.

இன்றைய தேடுபொறிகள் எழுத்துப்பிழையைத் தாமே பொறுத்துக்கொள்ளுமே, இந்த உழைப்பு எதற்கு என்று கேட்கலாம். எழுத்தின் ஒற்றுமையை மட்டும் பார்க்கும் தேடலுக்குப் பழவேற்காடும் புலிக்காட்டும் ஒரே ஊர் என்று தெரியாது. திருவள்ளூரையும் திருவள்ளுவரையும் அது பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடும். ஊரைத் தேடியவருக்குக் குறள் உரைகள் குவியும். ஒரே ஊர் என்று கணினி பரிந்துரைக்கும் பெயர்ச் சேர்க்கைகளை ஊரறிந்த ஒருவர் பார்த்து ஒப்புக்கொள்ளாமல் ஏற்றவே கூடாது. இதற்கும் ஆளில்லை என்பது நியாயமான கவலைதான். ஆனால் ஒரு மாவட்டத்தின் ஊர்ப்பெயர்க் கோப்பை ஒருமுறை செய்துவிட்டால் எல்லா நூலகங்களும் அதையே பயன்படுத்தலாம்.

திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரங்களின் நூலகர்கள் தங்கள் பகுதி ஊர்களின் பழம்பெயர்களையும் தெலுங்கு வழக்கையும் ஆங்கில எழுத்துக்கூட்டல்களையும் தொகுக்கத் தொடங்கட்டும். தெரிந்ததை வாசகர்களும் சொல்லட்டும். முதல் திருத்தத்தைத் தொடங்கும் முன் மொத்தப் பதிவுகளுக்கும் ஒரு நகல் எடுத்து வைத்துவிடுங்கள்.