ஓதிய பதிகம் மறவாதிருக்க ஒரு கணினித் துணை

ஈப்போ கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயத்தில் தைப்பூசத்தன்று காவடியோடு எழும் பாடல்களை மெய்யன்பர்கள் மறப்பதில்லை. ஊரே சேர்ந்து பாடுவதால் அவை நாவில் நிற்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை ஓதப்படும் பதிகங்களின் நிலை வேறு. திருநாவுக்கரசர் திருவாரூர்த் திருவாதிரையைப் பாடிய பதிகத்தை மறு மார்கழியில் எடுக்கும்போது, நடுப் பாடல்களில் நா தடுமாறுவதை ஓதுவோர் அறிவர்.

முன்னாளில் பேராக் ரப்பர் தோட்டங்களில், லயத்துக் குடும்பங்கள் கூடும் பஜனையில் ஒருவர் விட்ட அடியை மற்றொருவர் எடுத்துக்கொடுப்பார். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியும் போனபின், பாடியோர் பல ஊர்களுக்குச் சிதறினர். இன்று ஓதுபவர் பெரும்பாலும் தனியே பயில்கிறார். அடியெடுத்துக் கொடுக்க அருகில் ஆளில்லை.

இக்குறையை ஓரளவு நிரப்பவல்லது 2006-ஆம் ஆண்டில் வெளிவந்த 'அன்கி' என்னும் மென்பொருள். ஜப்பானிய மொழியில் இச்சொல்லுக்கு மனப்பாடம் என்று பொருள். கணினியிலும் ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் இது கட்டணமின்றிக் கிடைக்கிறது. பாடலுக்கு ஓர் அட்டை என அமைத்து, முன்பக்கத்தில் தலம், பண், பாடல் எண் ஆகியவற்றையும், பின்பக்கத்தில் பாடலையும் ஆசிரியரின் ஒலிப்பதிவையும் வைக்க வேண்டும். முன்பக்கத்தைக் கண்டு வாய்விட்டுப் பாடி, பின்பக்கத்தோடு ஒப்பிட்டு, எளிதா கடினமா எனத் தாமே குறிக்க வேண்டும். தடையின்றி வந்த பாடல் சில நாள் கழித்தும், பிறகு வாரங்கள், மாதங்கள் கழித்தும் திரும்பும். தவறியது அன்றே திரும்பும். மறக்கும் தறுவாயில் நினைவூட்டுவதே இதன் உத்தி.

பதிகம் முழுவதற்கும் ஒரே அட்டை வைப்பது பயன் தராது. திருஞானசம்பந்தர் பதிகங்களில் பெரும்பாலும் எட்டாம் பாடலில் இராவணனும், ஒன்பதில் திருமாலும் அயனும், பத்தில் சமணரும் சாக்கியரும், பதினொன்றில் பாடியவர் பெயரும் வருவது குறிப்பிடத்தக்கது. இவ்வமைப்பே நினைவுக்குக் கைத்தாங்கல். இரண்டு முதல் ஏழு வரை அத்தகைய பிடிப்பு இல்லை; வரிசை மாறுவதும் பாடல் விடுபடுவதும் அங்கேதான். எனவே ஒரு பாடலின் முதலடியைக் கண்டு அடுத்த பாடலின் முதலடியைச் சொல்லும் இணைப்பு அட்டைகளும் வேண்டும். ஈற்றடியை வைத்தால் பல பதிகங்களில் குழப்பமே மிஞ்சும், அது பாடல்தோறும் ஒன்றுபோல் வருவதால்.

திருவிழாப் பெயரையும் அட்டையில் குறித்து வைத்தால், விழாவுக்கு ஒரு மாதம் முன்பே உரிய பதிகங்களைத் தனித்தொகுப்பாக எடுத்துப் பயிலலாம்.

இம்மென்பொருளுக்குக் காது கிடையாது. பண் பிசகினாலும், திருப்புகழில் சந்தம் தட்டினாலும் அது அறியாது; பார்த்துப் பாடிவிட்டு 'எளிது' என்று குறிப்போரைக் கண்டிக்கவும் செய்யாது. அதற்கு ஆசிரியரே வேண்டும்.

திருமுறைப் பாடல்கள் அச்சிலும், 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்பதிப்பிலும் உள்ளன. தோட்டத்து முதியோர் பாடிய மெட்டுகளோ எந்த ஏட்டிலும் இல்லை. ஆலய வகுப்பு நடத்துவோர் முதல் அட்டைக்கான ஒலிப்பதிவை அவர்களிடமிருந்தே, இவ்வாண்டுத் திருவிழாவிற்குள்ளாகவே, பெற்றுக்கொள்வது நலம்.