புதிய நிறுவனத்தில் சம்பளத்தைத் திட்டமிடல்

மாணவர்களே, பாடசாலைச் சீருடை தைக்கும் சிறிய நிறுவனமொன்றை நீங்கள் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். ஊழியருக்கென மாதம் 160,000 ரூபா ஒதுக்கியுள்ளீர்கள். தையலாளர் நால்வர் தேவை. 160,000ஐ நான்கால் பிரித்து, ஆளுக்கு 40,000 ரூபா தருவதாக வாக்களிக்கலாமா?

கூடாது. பலரும் தவறுவது இங்கேதான். ஊழியர் சேமலாப நிதியத்துக்கு ஊழியர் 8% செலுத்த, தொழில்தருநர் 12% செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குரிய 3% முழுவதும் தொழில்தருநருடையது. அதை ஊழியரின் சம்பளத்திலிருந்து ஒருபோதும் கழிக்கக் கூடாது. (விடைத்தாள்களில் 12%ஐயும் 3%ஐயும் சம்பளத்தில் கழித்துவிட்டுப் புள்ளிகளை இழப்போர் பலர்.)

ஆகவே 40,000 ரூபா பெறும் ஊழியரின் கைக்குக் கிடைப்பது 40,000 - 3,200 = 36,800 ரூபா. நிறுவனத்துக்கு ஏற்படும் செலவோ 40,000 + 4,800 + 1,200 = 46,000 ரூபா. நால்வருக்கும் 184,000 ரூபா. முதல் மாதமே 24,000 ரூபா பற்றாக்குறை.

சம்பளத்தை 32,000 ஆகக் குறைத்தால் என்ன? தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2026 ஜனவரி 1 முதல் 30,000 ரூபா என்பதால் சட்டத்துக்கு முரணில்லை. மொத்தச் செலவு 147,200 ரூபா, கணக்குச் சரி. ஆனால் ஊழியர் வீட்டுக்குக் கொண்டு செல்வது 29,440 ரூபா மட்டுமே. பக்கத்து நிறுவனம் கூடுதலாகக் கொடுத்தால், நீங்கள் தொழில் பழக்கிய ஆள் அங்கே போய்விடுவார்.

மூவரை மட்டும் 40,000 ரூபாவுக்கு அமர்த்தினால் செலவு 138,000 ரூபா. மீதி 22,000 ரூபாவை, தவணை தொடங்கும்போது கட்டளைகள் குவியும் வேளையில் மேலதிகநேரக் கொடுப்பனவுக்குப் பயன்படுத்தலாம். அதற்கு மணித்தியால வீதத்தின் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். தொடக்கத்தில் இவ்வழியே மேல் என்பது எமது கருத்து. வேலை குறைந்த மாதத்தில் மேலதிகநேரச் செலவு தானாகக் குறையும். நான்காவது ஆளின் சம்பளம் அப்படிக் குறையாது.

தைத்த உடுப்புக்கேற்பத் துண்டுக்கணக்கில் கூலி கொடுப்பதும் ஒரு முறைதான். உற்பத்தி கூடும். ஆனால் அவசரத்தில் தையல் பிழைக்கும். இயந்திரம் பழுதாகும் நாளில் ஊழியர் வருமானமின்றி இருப்பார்.

ஒரு கொடுப்பனவுக்கு "படி" எனப் பெயரிட்டால் நிதியப் பங்களிப்பிலிருந்து தப்பலாம் என எண்ண வேண்டாம். வாழ்க்கைச் செலவுப் படியும் துண்டுக்கணக்குக் கூலியும் பங்களிப்புக் கணக்கில் சேரும். மேலதிகநேரக் கொடுப்பனவு சேராது.

நிறுவனம் வளர்ந்து 15 பேரையோ அதற்கு மேற்பட்டோரையோ அமர்த்தினால், 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து வருட சேவையை நிறைவுசெய்து விலகும் மாதச் சம்பள ஊழியருக்கு வருடமொன்றுக்கு அரை மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை வழங்க வேண்டும்.

செய்து பாருங்கள்: அடிப்படைச் சம்பளம் 35,000, வாழ்க்கைச் செலவுப் படி 3,000, மேலதிகநேரக் கொடுப்பனவு 4,000 ரூபா. வேறு கழிவுகள் இல்லை. தேறிய சம்பளமும் நிறுவனத்தின் மொத்தச் செலவும் எவ்வளவு?

விடை: தேறிய சம்பளம் 38,960 ரூபா, மொத்தச் செலவு 47,700 ரூபா.