பரஸ்பரம் என்னும் சொல்

'மியூச்சுவல்', 'ரெசிப்ரகல்' ஆகிய இரு ஆங்கிலச் சொற்களுக்கும் 'பரஸ்பரம்' என்ற ஒரே சொல்லை நாம் எழுதிவிடுகிறோம். உரையாடலில் இதனால் கேடில்லை. சட்டத்தையும் ஒப்பந்தத்தையும் பெயர்க்குமிடத்து இரண்டும் ஒன்றாகா.

இருவர் ஒரு பொருளில் ஒத்து நிற்பது மியூச்சுவல். 1976-இல் இந்து திருமணச் சட்டத்தில் சேர்க்கப்பெற்ற 13-பி பிரிவு, கணவனும் மனைவியும் ஒருங்கே இசைந்து பெறும் மணவிலக்கை இச்சொல்லாற் குறிக்கிறது. ஒருவர் செய்வதற்கு எதிராக மற்றவர் செய்வது ரெசிப்ரகல். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், ஒன்றுக்கொன்று மறுபயனாகும் வாக்குறுதிகளுக்கு இச்சொல்லை ஆள்கிறது. முதலிற் செய்ய வேண்டியவர் செய்யாவிடில், மற்றவரைச் செய்யுமாறு கேட்க அவருக்கு உரிமையில்லை என்பது அதன் 54-ஆம் பிரிவு. 'கைம்மாறு' என்னும் அழகிய சொல் நமக்கு உண்டே எனலாம். ஆயினும் கைம்மாறு நன்றியாற் பிறப்பது, வழக்காடிப் பெறுவதன்று.

இச்சொல்லின் இலத்தீன் மூலம், முன் சென்று பின் மீள்வதைக் குறிப்பது. கடல்நீர் ஏறி வற்றுவதையும் உரோமர் அதனாற் சுட்டினர். அந்த ஓதத்தாலேயே இதன் பொருளை விளக்கும் வயல்கள் கொச்சிக்கு எதிரே, வைப்பின் தீவில் உள்ளன. பொக்காளி என்பது அங்கு விளையும் உவர் தாங்கும் நெல். பருவமழை உப்பைக் கழுவிய பின் அது வளர்கிறது. ஐப்பசியையொட்டிக் கதிரை மட்டும் அறுத்துத் தாளை வயலிலேயே விடுகின்றனர். பின்னர் மதகு திறக்கப்படும்; ஓதத்தோடு இறாற்குஞ்சுகள் புகுந்து, அழுகும் தாளை ஆதாரமாகக் கொண்டு வளரும். இறாலின் கழிவே அடுத்த நெல்லுக்கு எரு. வேறு உரம் இடுவதில்லை. நெல்லும் இறாலும் ஒரே காலத்தில் கூடி வாழ்வதில்லை. ஒன்று கொடுத்து விலக, மற்றொன்று வந்து திருப்பித் தருகிறது. எனவே இது ரெசிப்ரகல்.

இறாலில் ஆதாயம் மிகுதி. நெல்லுக்கோ ஆள் கிடைப்பது அரிது. ஆதலின் ஆண்டு முழுதும் உவர்நீரைத் தேக்கி வைப்போரும் உளர். நெல் விளையும் பரப்பு குறைந்து வருகிறது. இறாலுக்குக் குத்தகை எடுத்தவர் மழைக்கு முன் நீரை வடித்து நிலத்தை விடவேண்டும் என்பது பழைய வழக்கம். அத்தகைய குத்தகைச் சீட்டில் 'பரஸ்பர இசைவுடன்' என்று மட்டும் எழுதினால், யார் எதை முதலிற் செய்ய வேண்டும் என்பது விளங்காது. 'நீரை வடித்துத் தருவதற்கு எதிராக' என்று எழுதினால் நெல் விதைப்பவருக்கு ஒரு பிடி கிடைக்கும்.