பூமியின் உஷ்ணமும் கல்விச்சாலைகளும்

பூமியின் உஷ்ணத்தைக் கொண்டு கட்டடங்களைச் சூடாக்கலாம் என்றால் மாணாக்கர் எளிதில் நம்புவர். எரிமலையையும் வெந்நீரூற்றையும் பற்றிப் படித்திருக்கின்றனர் அல்லவா? அதே பூமியைக் கொண்டு கட்டடங்களைக் குளிரவும் செய்யலாம் என்றாலோ, ஆசிரியரே சற்றுத் திகைப்பார். இத்திகைப்பு நீங்காதவரையில் இவ்விஷயத்தைக் கற்பித்தோம் என்று சொல்ல இடமில்லை.

வெவ்வேறான இரண்டு சங்கதிகளுக்கு ஒரே பெயர் வழங்கி வருவதே குழப்பத்திற்குக் காரணமாம். ஒன்று, பூகர்ப்பத்திலிருந்து வெளிவரும் வெந்நீர். ஐஸ்லாந்து தேசத்தார் 1930-ஆம் வருஷத்தில் தம் தலைநகராகிய ரெய்க்யவிக்கில் இவ்வெந்நீரைச் சுமார் 3 கிலோமீட்டர் தூரம் குழாய் வழியே கொணர்ந்து, ஒரு பள்ளிக்கூடத்தைச் சூடாக்கினர். அந்நிய தேசத்து நிலக்கரியை நம்பிக் குளிர் காய்ந்த அச்சிறு ஜாதியார், இன்று தம் வீடுகளில் பத்தில் ஒன்பதைத் தம் மண்ணின் உஷ்ணத்தாலேயே காத்து வருகின்றனர். சுயராஜ்யத்தின் பொருளை அறிந்தோர்க்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் அது வெந்நீரூற்று வாய்க்கப்பெற்ற நாட்டின் பாக்கியம்.

மற்றது எல்லா நாட்டார்க்கும் காலடியிலேயே இருக்கின்றது. சில பத்து அடிகளுக்குக் கீழே மண்ணின் உஷ்ணம் வருஷம் முழுவதும் ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்கும். மார்கழி விடியலில் கிணற்று நீர் வெதுவெதுப்பாயும் சித்திரையில் குளிர்ந்தும் தோன்றுவதை நம் கிராமவாசிகள் அறிவர். மாறியது நீரன்று, மேலே வீசும் காற்றே. உஷ்ணமானியைக் கயிற்றிற் கட்டி இரு பருவங்களிலும் ஆழ்கிணற்றில் இறக்கும்படி மாணாக்கரை ஏவினால் போதும். பாடப்புத்தகம் பத்துப் பக்கம் வாதாடுவதினும் அந்த ஒரு சாட்சி வலிது.

இனி யந்திரம். பிற்காலத்தில் கெல்வின் பிரபு எனப் பெயர் பெற்ற வில்லியம் தாம்சன், 1852-இலேயே கட்டடங்களைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் ஒரே யந்திரம் போதும் என்பதை விளக்கினார். பள்ளத்து நீரை ஏற்றம் மேட்டுக்கு இறைப்பதுபோல, இது குளிர்ந்த இடத்திலுள்ள உஷ்ணத்தைச் சூடான இடத்துக்கு இறைக்கின்றது. எளிதில் ஆவியாகும் ஒரு திரவம் உஷ்ணத்தை உறிஞ்சி ஆவியாகும். அவ்வாவியை அழுத்தினால் சூடேறும். மீண்டும் திரவமாகுங்கால் அவ்வுஷ்ணத்தை வெளியிடும். வீட்டிலுள்ள குளிர்சாதனப் பெட்டியும் இதையே செய்கின்றது. உஷ்ணத்தைப் புதிதாய் உண்டாக்காமல் இடம் பெயர்ப்பதாலேயே, ஒரு பங்கு மின்சாரத்துக்கு மூன்று நான்கு பங்கு உஷ்ணம் கிடைக்கின்றது. வஞ்சகம் ஒன்றுமில்லை, மிச்சப் பங்கு மண்ணிலிருந்து வந்தது.

அமெரிக்காவில் இந்தியானா மாகாணத்திலுள்ள பால் ஸ்டேட் சர்வகலாசாலை இதைப் பெரிய அளவிற் செய்து காட்டியது. 2009-இல் வேலை தொடங்கிற்று. சுமார் 3,600 துளைகளை நூற்றுக்கணக்கான அடி ஆழத்துக்கு இறக்கி, மூடிய குழாய்களில் நீரைச் சுழல விட்டு, 47 கட்டடங்களுடன் இணைத்தனர். அங்கிருந்த நிலக்கரிக் கொதிகலங்கள் 2014-இல் ஓய்ந்தன. பனிக்காலத்தில் மண்ணிடம் கடன் வாங்கிய உஷ்ணத்தைக் கோடையில் கட்டடங்களிலிருந்து எடுத்து மண்ணுக்கே திருப்புகின்றனர். மாணாக்கர் நடந்து செல்லும் புல்தரைக்கடியிலேயே பாடம் புதைந்து கிடக்கின்றது!

இதை அப்படியே சென்னைக்குப் பெயர்த்துவிடலாமா என்று சிலர் கேட்கக்கூடும். அவசரம் வேண்டாம். இந்தியானாவில் மண்ணின் உஷ்ணம் பாரன்ஹீட் அளவில் சுமார் 55 டிகிரி. சென்னையிலோ 80 டிகிரிக்கு மேற்பட்டே நிற்கும். சித்திரை வெயிலுக்கு அது குளிர்ச்சிதான். ஆனால் யந்திரத்தின் துணையின்றி அறையைக் குளிர்விக்க அது போதாது. இன்னொன்றும் உண்டு. நமக்கு அனல் காயும் காலமே இல்லையாதலால், மண்ணில் இட்ட உஷ்ணத்தைத் திரும்ப எடுப்பாரில்லை. வரவு மட்டும் எழுதப்படும் கணக்குப்போல, குழாய்களைச் சூழ்ந்த மண் வருஷந்தோறும் சூடேறும். அதைத் தடுக்கத் துளைகளை விலக்கி விலக்கி இறக்க வேண்டும். அல்லது உஷ்ணத்தின் ஒரு பகுதியை இராக்காலக் காற்றில் விட்டுவிட ஏற்பாடு செய்ய வேண்டும். எவ்வளவு தூரம் விலக்குவது, எவ்வளவு பங்கைக் காற்றில் விடுவது என்பதை நமது பொறியியற் கல்லூரி மாணாக்கர் நம் மண்ணையே அளந்து கணக்கிடட்டும்.